கமெரா போனால் வாங்கலாம், படம் போனால்?

அண்மையில் பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர் குவாங்சோ வர்த்தகக் கண்காட்சிக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்தார். தோளில் புதுக் கமெராப் பை. அதன் மூடியில் கம்பனியின் பெயர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. "நாநா, பேக் எப்படி?" என்றார். "உள்ளே என்ன இருக்கிறதென்று கள்ளனுக்கு எழுதியே காட்டுகிறீரே தம்பி" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மாதிரியான ஒரு பையோடுதான் 2011ஆம் ஆண்டு நான் வியட்நாமின் ஹோ சி மின் நகருக்குப் போயிருந்தேன்.

துணி பார்க்கப் போன பயணம் அது. சோலொன் பகுதியில் நான்கு நாட்கள் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு துணியையும் அதன் விலையெழுதிய துண்டோடு சேர்த்துப் படம் எடுத்திருந்தேன். இப்போதெல்லாம் கைபேசியே போதுமே என்பீர்கள். பல வேலைக்குப் போதும்தான். ஆனால் நெசவின் இழை தெரிய வேண்டுமென்றால், அல்லது இரத்தினக் கல்லின் உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால், நல்ல லென்ஸ் உள்ள கமெராவை இன்றும் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டியிருக்கிறது.

கடைசி நாள் காலை பென் தான் சந்தைக்கு அருகே நடைபாதையின் ஓரத்தில் நின்று, ஒரு முகவரித் துண்டை வாசித்துக்கொண்டிருந்தேன். பையை மூடாமல், கமெராவை வெளியே எடுத்து வீதிப் பக்கத் தோளில் தொங்கவிட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. இருவர். பின்னால் இருந்தவன் பட்டியைப் பிடித்து இழுத்தான். நான் விடாமல் பிடித்ததில் முழங்கால் கிழிந்ததுதான் மிச்சம். அந்த நகரத்தில் இந்தப் பறிப்பு பழைய தொழில் என்பதைப் பிறகு ஹோட்டல்காரர்தான் சொன்னார்.

கமெரா போனதை ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது அதற்குள் இருந்த மெமரி கார்டை. நான்கு நாட் படங்களும் அதில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. ஊர் திரும்பி நினைவில் இருந்ததை வைத்து ஓடர் கொடுத்தேன். வந்த பொதிகளில் பாதி நான் பார்த்த துணியல்ல. "நீங்கள் கேட்டது இதுதான்" என்றார் விற்றவர். இல்லையென்று காட்ட என் கையில் ஒரு படமும் இல்லை. கமெராவின் பெறுமதியைப் போல எத்தனையோ மடங்கு அந்தச் சரக்கில் போயிற்று.

ஆகவே தம்பியிடம் முதலில் சொன்னது கார்டைப் பற்றித்தான். இரவில் அறைக்கு வந்ததும் படங்களை மடிக்கணினிக்கோ சிறிய வன்தட்டுக்கோ மாற்றிவிட வேண்டும். மாற்றியதைக் கமெராவோடு ஒரே பையில் போடக் கூடாது, போட்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று நம்பிச் சீனாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: ஹோட்டல் வைஃபையில் கூகிள் போட்டோஸ், கூகிள் டிரைவ் இரண்டும் அங்கே திறக்காது. கமெராவில் இரண்டு கார்ட் போட இடமிருந்தால் இரண்டிலும் பதியும்படி வைத்து, ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

களவு நடக்கும் விதம் நகரத்துக்கு நகரம் மாறும். குவாங்சோவில் ஒரு காலத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள் பறிப்பு பெருந்தொல்லையாக இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் நகரத்தில் மோட்டார் சைக்கிளையே தடை செய்தார்கள். பார்சிலோனாவில் வேறு வித்தை. 2006 முதல் அங்கே கைபேசிக் கண்காட்சி நடப்பதால் நம்மவர்களும் போகிறார்கள். சட்டையில் எதையோ தெறிக்க வைத்துவிட்டு ஒருவர் அன்பாகத் துடைக்க வருவார், மற்றவர் கீழே வைத்த பையோடு போய்விடுவார். பாரிஸில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுவார்கள். எல்லாவற்றிலும் அவர்களுக்கு வேண்டியது நம்முடைய கவனம் விலகும் ஒரு நொடிதான். அந்நியர் யாராவது உதவ வந்தால் முதலில் பையைத் தொட்டுப் பாருங்கள்.

நடக்கும்போது பை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். முகவரி பார்ப்பதென்றால் ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். பட்டியை உடம்புக்குக் குறுக்கே போடச் சொல்வார்கள். சனநெரிசலில் அது சரி. மோட்டார் சைக்கிள் பறிப்பு உள்ள ஊரில் அதுவே ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே கமெராவைப் பழைய துணிப்பைக்குள் வைத்து முன்னால் பிடிப்பதே மேல். சாப்பிட உட்கார்ந்தால் பட்டிக்குள் கதிரையின் காலை விட்டுவிடுங்கள். பள்ளிக்குப் போனால் செருப்பு வைக்கும் இடத்தில் பையை விடுவது எங்களில் பலரின் பழக்கம். உள்ளே கொண்டுபோய் ஸஜ்தா செய்யும் இடத்துக்கு முன்னால் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். நானும் எடுத்திருந்தேன். அன்று மாலையே விமானம் ஏறியதால் பொலிஸுக்குப் போகவில்லை. காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்டதே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைத்தான். கோவை அத்தோடு மூடப்பட்டது. ஆளில்லாமல் விட்டுச்சென்ற பொருளுக்கும், விமானத்தில் லக்கேஜில் போட்ட கமெராவுக்கும் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் பணம் தருவதில்லை. ஒரு தனிப் பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருக்கும், அது கமெராவின் விலையில் பாதிக்கும் வராமல் போகலாம். கையொப்பமிடுமுன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். மேலதிக பெட்டரிகளையும் லக்கேஜில் போட விமான விதிகள் இடம் தருவதில்லை, எனவே எல்லாம் கையில்தான் வர வேண்டும்.

கமெராவின் அடியிலுள்ள தொடர் இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். இலக்கத்தைக் குறிக்க மறந்திருந்தால் பழைய படமொன்றைக் கணினியில் திறந்து அதன் விபரங்களைப் பாருங்கள், பல கமெராக்கள் அதைப் படத்தோடேயே பதிகின்றன. முறைப்பாடு எழுதும்போது பொலிஸ் கேட்பது அதைத்தான். சீனாவில் பொலிஸ் இலக்கம் 110, வியட்நாமில் 113, ஹொங்கொங்கில் 999, தாய்லாந்தில் உல்லாசப் பயணிகளுக்கான பொலிஸ் 1155. கைபேசியும் சேர்ந்து பறிபோகலாம், ஆகவே இவற்றை ஒரு கடதாசித் துண்டிலும் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள்.