எரிமலை வாய்க்குள் படகு விடுகிறார்கள்… தெரியுமா?

கிரீஸ் நாட்டில் எத்தனை தீவுகள் இருக்கின்றன தெரியுமா? குட்டித் திட்டுகளையும் சேர்த்தால் சுமார் 6,000! அதில் மனிதர் குடியிருப்பவை? வெறும் 227!

கோடை வந்தால் போதும், காலையில் ஏற்றி மாலையில் இறக்கிவிடும் சுற்றுலாப் படகுகள் துறைமுகந்தோறும் வரிசை கட்டும். சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர், தோளில் துண்டு, முன்னால் கொடி பிடித்தபடி ஒரு வழிகாட்டி. பார்த்தால் சாதாரண உல்லாசப் பயணம்தான். ஆனால் அந்தப் படகு எதன் மேல் மிதக்கிறது என்று தெரிந்தால்? தூக்கிவாரிப் போடும்!

சான்டோரினி தீவிலிருந்தே ஆரம்பிப்போம். சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். சில இடங்களில் 300 மீட்டர் உயரம்! உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். நடுவில் கருநீலக் கடல். ‘அடடா, என்ன அழகான விரிகுடா’ என்கிறீர்களா? அது விரிகுடா இல்லை. எரிமலை வெடித்து, உள்ளே சரிந்து விழுந்த பள்ளம்! நீளம் சுமார் 12 கிலோமீட்டர், அகலம் சுமார் 7 கிலோமீட்டர். கடல் உள்ளே புகுந்து நிரப்பிவிட்டது, அவ்வளவுதான்!

ஆழம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 390 மீட்டர்! ஈஃபிள் கோபுரத்தைக் கொண்டுவந்து அங்கே நட்டால் அதன் நுனிகூட வெளியே தெரியாது! இதனால் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல். நங்கூரம் போடத் தோதான தரை கிடைப்பதில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே நின்ற இடத்தில் நிற்கும். பயணிகளைச் சின்னப் படகுகள் வந்து அள்ளிக்கொண்டு போகும்!

இந்தப் பள்ளத்துக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த வெடிப்பு நடந்தது சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன். எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாட்சி சொன்னது ஒரு மரக்கிளை! எரிமலைச் சாம்பலில் உயிரோடு புதைந்துபோன ஒலிவ மரக் கிளை ஒன்று கிடைத்தது. அதன் வளையங்களை ஆராய்ந்து, கி.மு. 1627-க்கும் 1600-க்கும் இடையில்தான் அது மடிந்தது என்று 2006-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்! தேதியைப் பற்றிய சண்டை அதன் பிறகும் ஓயவில்லை என்பது வேறு கதை.

அந்தச் சாம்பலுக்கு அடியில் ஒரு ஊரே இருந்தது தெரியுமா? அக்ரோத்திரி! 1967-ல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகள், சுவர் ஓவியங்கள், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் வந்தன. வராதது ஒன்றுதான். அழிவில் சிக்கிய மனிதர்களின் எலும்புக்கூடு! முன்கூட்டியே பூமி குலுங்கியதைப் பார்த்து மூட்டை கட்டிவிட்டார்கள் போல. கெட்டிக்காரர்கள்!

சூயஸ் கால்வாய்க்கும் இந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய! 1860-களில் கால்வாய்க் கட்டுமானத்துக்கு உறுதியான சிமென்ட் தேவைப்பட்டது. தண்ணீரில் இறுகும் இந்த எரிமலைச் சாம்பலை எதிர்த் தீவான தெராசியாவில் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் வரலாற்றுக்கு முந்தைய வீடுகள் தலைகாட்டின! இன்று பல படகுகள் மதியச் சாப்பாட்டுக்கு நிற்பது அதே தெராசியாவில்தான்!

பள்ளத்தின் நடுவே கன்னங்கரேல் என்று ஒரு தீவு. பெயர் நியா கமேனி. அதன் வயது? முந்நூறு வருடம் சொச்சம்தான்! 1707-ல் கடலுக்கு நடுவே ஏதோ தெரிகிறதே, உடைந்த கப்பலாக இருக்குமோ என்று சிலர் படகில் போய்ப் பார்த்தார்கள். கப்பல் இல்லை, புத்தம் புதிய பாறை! அதில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிறந்துகொண்டிருந்த தீவில் ஏறிச் சிப்பி பொறுக்கினார்கள்! காலுக்கு அடியில் பாறை அசைந்து உயர்ந்த பிறகுதான் ஓட்டம் பிடித்தார்கள்!

அந்தத் தீவு கடைசியாக வெடித்தது 1950-ல். இப்போது அங்கே படகுகள் வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். முன்னால் நிற்கும் படகின் தளத்தைக் கடந்துதான் நீங்கள் கரை ஏற வேண்டும்! அப்புறம் கரிக்கல் பாதையில் மேட்டு நடை. மரம் இல்லை, நிழல் இல்லை. செருப்புப் போட்டுப் போனால் கல் குத்தும். உச்சியில் பாறை இடுக்குகளில் ஆவி கசியும், அழுகிய முட்டை வாடை வீசும். வழிகாட்டி சொல்லும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள்… சூடு!

அடுத்த நிறுத்தம் பக்கத்துத் தீவான பாலியா கமேனி. இங்கே படகு கரைக்கே போகாது! கொஞ்சம் தள்ளி நிற்கும். ஏணியில் இறங்கியோ, ‘தொபுக்’ என்று குதித்தோ நீந்திப் போக வேண்டும். குதித்ததும் குளிர். பத்து வீச்சு நீந்தியதும் இளஞ்சூடு. இன்னும் நாலு வீச்சு போனால் மறுபடி ஒரு குளிர்ந்த பட்டை. அதைத் தாண்டினால் 30 டிகிரிக்கு மேல் சூடான வெந்நீர்! நீல நிறம் போய்த் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். கடலடியிலிருந்து வரும் இரும்பும் கந்தகமும் செய்யும் வேலை! வெள்ளை நீச்சலுடையில் இறங்கினால்? துரு நிறத்தில் ஏறுவீர்கள்! என்ன சோப்புப் போட்டாலும் போகாது. வெள்ளி மோதிரம் கறுத்துவிடும். பழைய, அடர்நிற உடை போட்டுக்கொள்ளுங்கள் என்று படகிலேயே சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள் குறைவு!

இவ்வளவு முடித்து ஃபிரா என்ற ஊரின் பழைய துறையில் இறங்கினால் ஊர் எங்கே? தலைக்கு மேலே! ஏற வேண்டிய படிகள் 588! ரோப் காரும் உண்டு, கழுதையும் உண்டு. கழுதை என்றால் முதலில் உங்கள் எடையைச் சொல்லுங்கள். 100 கிலோவுக்கு மேலோ, அந்த விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமத்தக் கூடாது என்று 2018-ல் விதி வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அந்த வாயில்லா ஜீவனை விட்டுவிட்டு ரோப் காரில் ஏறுங்கள்!

இந்தப் பள்ளத்துக் கடலின் அடியில் ஒரு முழு உல்லாசக் கப்பல் கிடக்கிறது, தெரியுமா? ‘சீ டைமண்ட்’! 2007 ஏப்ரலில் பாறையில் மோதி, மறுநாள் முழுவதுமாக மூழ்கியது. 1,500 பேருக்கும் மேல் இருந்தார்கள். அத்தனை பேரில் காணாமல் போனவர்கள் இரண்டே பேர். சுற்றுலாப் படகுகள் அதன் பக்கமாகத்தான் போய்வருகின்றன!

எரிமலை தூங்குகிறதா? 2025 தொடக்கத்தில் பூமி ஆயிரக்கணக்கான தடவை குலுங்கியது! 11,000 பேருக்கு மேல் தீவைக் காலி செய்தார்கள். வெடிக்கவில்லை! சில வாரங்களில் அடங்கியது. அந்த ஆண்டுக் கோடையிலும் படகுகள் ஓடின!

பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது!

மைக்கோனோஸ் தீவின் பழைய துறையில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் டெலோஸ். பரப்பு எவ்வளவு? மூன்றரை சதுர கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை! ஆனால் இங்கே இருந்த சட்டம் உலகத்தில் வேறெங்கே இருந்திருக்கும்?

அப்பல்லோ என்ற கடவுள் பிறந்த புனித மண் இது என்பது கிரேக்கர் நம்பிக்கை. அதைச் சுத்தப்படுத்துகிறோம் என்று கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் கிளம்பினார்கள். முதல் வேலையாகத் தீவிலிருந்த அத்தனை கல்லறைகளையும் தோண்டிப் பக்கத்துத் தீவான ரினியாவுக்கு மாற்றினார்கள். அடுத்து ஓர் உத்தரவு: இனி டெலோஸில் யாரும் சாகக் கூடாது! யாரும் பிறக்கவும் கூடாது! நிறைமாதக் கர்ப்பிணியா? ஏற்று படகில்! மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதா? அவரையும் ஏற்று! கடவுளே பிறந்த தீவில் குழந்தை பிறக்கத் தடை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

அதோடு விட்டார்களா? நான்கு வருடம் கழித்து, உயிரோடு இருந்த டெலோஸ்வாசிகளையே வெளியேற்றிவிட்டார்கள்!

பிற்காலத்தில் இதே புனிதத் தீவு என்ன ஆனது தெரியுமா? அடிமைச் சந்தை! ஒரே நாளில் 10,000 அடிமைகளை இறக்கி விற்றுவிட முடியும் என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 88-ல் மித்ரிடேட்ஸ் மன்னனின் படை வந்து வெட்டியது. மாண்டவர்கள் 20,000 பேர் என்கிறது பழைய வரலாறு. சாகக் கூடாத தீவில்!

இங்கே வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளக்கும் பளிங்குச் சிங்கங்களோடு செல்ஃபி எடுக்காதவர் இல்லை. ஆனால் வெளியே இருப்பவை நகல்கள்! அசல்கள் அருங்காட்சியகத்துக்குள். ஒன்று மட்டும் வெனிஸ் நகரத்துக் கப்பல்பட்டறை வாசலில், பிற்காலத்தில் பொருத்திய வேறொரு தலையோடு உட்கார்ந்திருக்கிறது! சிங்கங்கள் பார்த்துக்கொண்டிருந்த புனிதக் குளம்? மலேரியா பயத்தில் 1920-களில் வற்றவைத்துவிட்டார்கள். இப்போது நடுவில் பனை இனத்து மரம் ஒன்று நிற்கிறது!

டெலோஸில் ஹோட்டல் உண்டா? கிடையாது! இரவு தங்கலாமா? கூடவே கூடாது! காவலர்களும் ஆய்வாளர்களும் தவிர எல்லோரும் கடைசிப் படகில் ஏறியாக வேண்டும். பல படகுகள் அங்கிருந்து நேராக ரினியாவுக்குப் போய், குளிக்க விட்டு, படகிலேயே இறைச்சி வாட்டிப் பரிமாறும். நீங்கள் துள்ளிக் குதித்து நீந்தும் அந்தக் கரைக்குத்தான் ஒரு காலத்தில் சாகவும் பிறக்கவும் ஆட்களை அனுப்பினார்கள்!

ஒரே டிக்கெட், மூன்று தீவு!

ஏதென்ஸில் தங்கியிருப்பவர்களுக்கு ஹைட்ரா, போரோஸ், ஏஜினா என்று ஒரே நாளில் மூன்று தீவுகளைக் காட்டும் கப்பல் உண்டு. ஓட்டமும் நடையும்தான், ஒன்றையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஆனாலும் விஷயம் கொட்டிக் கிடக்கிறது!

ஹைட்ராவில் கார் கிடையாது! பைக்கும் கிடையாது! குப்பை லாரி மாதிரி ஓரிரண்டு அவசர வண்டிகள் மட்டும். ஃபிரிட்ஜ் வாங்கினாலும் வீடு வந்து சேர்வது கோவேறு கழுதை முதுகில்! பாடகர் லியோனார்ட் கோஹன் 1960-ல் இங்கே ஒரு வீடு வாங்கினார். விலை? 1,500 டாலர்!

போரோஸில் பொசைடன் கோயில் இடிபாடு. ஏதென்ஸின் பேச்சுப் புலி டெமோஸ்தனிஸ் கி.மு. 322-ல் எதிரிகள் சூழ்ந்தபோது விஷம் குடித்து உயிர்விட்டது அங்கேதான்!

ஏஜினா? பிஸ்தா! தீவு முழுக்கப் பிஸ்தா மரம்! சிறிது காலம் நவீன கிரீஸின் தலைநகராகவே இருந்த தீவு இது. நாட்டின் முதல் நாணயம் 1828-ல் இங்கேதான் அச்சடிக்கப்பட்டது. அதன் பெயர்? ஃபீனிக்ஸ்! சாம்பலிலிருந்து எழும் அதே பறவை!

இன்னும் இருக்கு!

கிரீட் தீவுக்கு அருகில் ஸ்பினலோங்கா. வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை. 1903-ல் அதைத் தொழுநோயாளிகள் குடியிருப்பாக மாற்றினார்கள். 1957 வரை! கடைசி நோயாளிகள் போன பிறகும் ஒரு பாதிரியார் மட்டும், இறந்தவர்களுக்குச் செய்யவேண்டிய வழிபாடுகளுக்காக 1962 வரை தங்கியிருந்தார்! அன்று கட்டாயப்படுத்தி ஏற்றினார்கள். இன்று டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறார்கள்!

ஜாகிந்தோஸில் லகானாஸ் விரிகுடா. அங்கே பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அதனால் படகின் வேகத்துக்கு 6 நாட் என்று கடிவாளம்! மணிக்கு 11 கிலோமீட்டர்தான்! சைக்கிளே முந்திவிடும்! குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது எது தெரியுமா? மணலின் சூடு! சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண்!

ஏஜியன் கடலில் ஓதம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்! பெரும்பாலான இடங்களில் தண்ணீர் ஏறி இறங்குவது சில அங்குலங்கள். உணவகக்காரர்கள் தைரியமாக நீர் விளிம்பில் மேசை போட்டுவிடுகிறார்கள். உப்பு மட்டும் தூக்கல்! லிட்டருக்குச் சுமார் 38, 39 கிராம். பெருங்கடல்களில் 35 தான். மல்லாந்து படுத்தால் தானாக மிதப்பீர்கள்!

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஒரு வில்லன் வருவான். பெயர் மெல்டெமி! வடக்கேயிருந்து வீசும் காற்று. மேகம் இருக்காது, மழை இருக்காது, வானம் பளிங்கு மாதிரி இருக்கும். கடல் மட்டும் கொதிக்கும்! காற்று மிஞ்சினால் கடலோரக் காவல்படை தடை போட்டுவிடும். பெரிய கப்பலே நகராது, சுற்றுலாப் படகு எம்மாத்திரம்? ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் படகுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள்!

ரோட்ஸிலிருந்து சிமி தீவுக்குப் போகும் படகைத் தவறவிடவே கூடாது. 1900-ல் இந்தச் சிமியைச் சேர்ந்த கடற்பஞ்சு மூழ்காளிகள் அன்டிகிதெரா தீவருகே புயலுக்கு ஒதுங்கினார்கள். சும்மா இருப்பானேன் என்று ஒருவர் கடலுக்குள் இறங்கினார். அலறிக்கொண்டு மேலே வந்தார்! ‘கீழே பிணக் குவியல்!’ பிணங்களா? இல்லை! 2,000 ஆண்டுகளாக மூழ்கிக் கிடந்த சிலைகள்! அந்தக் கப்பலில் கிடைத்த துருப்பிடித்த கட்டி ஒன்றைப் பின்னால் ஆராய்ந்தால், உள்ளே 30 பற்சக்கரங்கள்! சூரிய சந்திர ஓட்டத்தையும் கிரகணத்தையும் கணிக்கும் இயந்திரம்! உலகின் முதல் கம்ப்யூட்டர் என்று இன்று கொண்டாடுகிறார்களே, அதேதான்!

சிமியின் மறுகோடியில் பனோர்மிட்டிஸ் மடாலயம். வேண்டுதல் எழுதிப் பாட்டிலில் அடைத்துத் தொலைதூரக் கடலில் போட்டால், அது மிதந்து மிதந்து இந்த வளைகுடாவுக்கே வந்து சேரும் என்பது நம்பிக்கை. அப்படி வந்த பாட்டில்களை மடத்து அருங்காட்சியகத்தில் அடுக்கியே வைத்திருக்கிறார்கள்! வேண்டுதல் பலித்தவர்கள் காணிக்கையாக என்ன கொண்டுவருகிறார்கள் தெரியுமா? துடைப்பம்! ஆமாம், பெருக்குகிற துடைப்பம்தான்! விமானத்தில் கைப்பையாக அதை அனுமதிப்பார்களா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்!