பூஜ்யம் நல்லதா? - ஒளியிழையில் ஒரு வேடிக்கை

ஐந்தாம் செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னைக் கேட்ட கேள்வி இதுதான்: "டிஸ்பர்ஷன் பூஜ்யமா இருக்கிற ஃபைபரை விட்டுட்டு, கொஞ்சம் டிஸ்பர்ஷன் உள்ள ஃபைபரை ஏம்ப்பா போடறாங்க?"

திருதிருவென்று விழித்தேன். "விலை கம்மி சார்" என்று ஒரு போடு போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மார்க்கில் கை வைத்துவிட்டார். அந்த எரிச்சலில் இரண்டு வாரம் லைப்ரரியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கண்ணாடியின் அசுத்தங்களை நீக்கினால் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று 1966-ல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஹாக்ஹாமும் எழுதினார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் செய்து காட்டியது. இன்று சாதாரண சிங்கிள் மோட் ஃபைபரில், 1550 நானோமீட்டரில் இழப்பு சுமார் 0.2 டெசிபல்தான். அதாவது 15 கிலோமீட்டர் போனால்தான் ஒளி பாதியாகும்! காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-ல்.

அடுத்த தலைவலி டிஸ்பர்ஷன். லேசர் என்றால் ஒரே நிறம் என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். முழு உண்மை அதுவல்ல. வேகமாக டேட்டாவை ஏற்றும்போது அதன் நிறம் சற்றே விரியும். கண்ணாடிக்குள் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒவ்வொரு வேகம். பள்ளிக்கூடம் விட்டதும் கும்பலாகக் கிளம்பும் பிள்ளைகள், தெருமுனைக்குள் முன்னும் பின்னுமாகச் சிதறிவிடுகிறார்கள் இல்லையா, அதேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஃபைபரில் 1550-ல் டிஸ்பர்ஷன், ஒரு நானோமீட்டர் அகலத்துக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 17 பிக்கோ செகண்ட். லேசரின் அகலம் 0.1 நானோமீட்டர், தூரம் 100 கிலோமீட்டர் என்றால் பல்ஸ் 170 பிக்கோ செகண்ட் விரியும். 2.5 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 400 பிக்கோ செகண்ட் இடமிருக்கிறது, சமாளிக்கலாம். 10 கிகாபிட்டில் இருப்பதோ 100தான். பிட் மேல் பிட் ஏறிவிடும்.

இந்த ஃபைபரில் டிஸ்பர்ஷன் பூஜ்யமாவது 1310-க்கு அருகே. இழப்பு குறைவதோ 1550-ல். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க, கோரைச் சிறியதாக்கி, ஒளிவிலகல் எண்ணின் அமைப்பை மாற்றி, பூஜ்யத்தை 1550-க்கே நகர்த்தினார்கள். இதுதான் டிஸ்பர்ஷன் ஷிப்டட் ஃபைபர். ஜப்பானில் இதை நிறையவே புதைத்தார்கள். பிரச்னை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1987-ல் எர்பியம் கலந்த ஃபைபர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. அது பல அலைநீளங்களை ஒன்றாகப் பெருக்கும். உடனே ஒரே இழையில் பல லேசர்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். அங்கேதான் வந்தது வினை! வலுவான ஒளி, சிறிய கோர், எல்லா அலைநீளங்களும் ஏறக்குறைய ஒரே வேகம். மூன்று சானல்கள் கைகோத்து நான்காவதாக ஒரு அலையைப் பெற்றெடுத்தன. சானல்கள் சம இடைவெளியில் இருந்ததால், அந்தப் புதுப்பிள்ளை பக்கத்து சானலின் தலையிலேயே போய் உட்கார்ந்தது. இதன் பெயர் ஃபோர் வேவ் மிக்ஸிங். வடிகட்டி எடுக்கவும் முடியாது, ஏனென்றால் அலைநீளம் அதேதான்.

இதற்கு மருந்து, துரத்தியடித்த அதே டிஸ்பர்ஷன்தான்! 1550-ல் சுமார் 4 பிக்கோ செகண்ட் மிச்சம் வைத்து ஃபைபர் செய்தார்கள். சானல்கள் ஒன்றுக்கொன்று வேகத்தில் விலகுவதால் கைகோக்க நேரமில்லை. பல்ஸும் அதிகம் விரியாது. எக்ஸ்டர்னல் எதிர்பார்த்த பதில் இதுதான்.

பழைய சாதாரண ஃபைபர் போட்டவர்கள் என்ன செய்தார்கள்? மைனஸ் 100 அளவுக்கு எதிர் டிஸ்பர்ஷன் உள்ள தனி ஃபைபரை ஒரு சுருளாக ரேக்கில் வைத்தார்கள். 80 கிலோமீட்டர் லைனுக்குச் சுமார் 14 கிலோமீட்டர் சுருள்! ஊருக்கே போகாத ஃபைபர். அதன் இழப்புக்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வேறு.

இப்போது 100 கிகாபிட்டிலும் அதற்கு மேலும் கோஹெரன்ட் ரிசீவரில் உள்ள சிப், விரிந்த பல்ஸைக் கணக்குப் போட்டே சுருக்கிவிடுகிறது. சுருளுக்கு அங்கே வேலையில்லை. கடலடி கேபிள்களில் இன்று போடுவது பெரிய கோரும் 0.17-க்கும் குறைந்த இழப்பும் கொண்ட ஃபைபர். அதன் டிஸ்பர்ஷன் எவ்வளவு தெரியுமா? சுமார் 20. சாதாரண ஃபைபரைவிட அதிகம்!

அதே எக்ஸ்டர்னல் இந்த வருஷமும் வருகிறாராம். ஜூனியர்களே, "விலை கம்மி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.