‘உங்களுக்குள்’ என்னும் ஒரு சொல்

கடவுளைத் தேடுக என்று கூறும் சமயங்கள் உலகிற் பல. ஆயின் எங்கே தேடுவது, எவ்வாறு தேடுவது, நெஞ்சிலே எதை வைத்துக்கொண்டு தேடுவது என்ற வினாக்கள் எழும்போதுதான் நம்மிற் பலர் தடுமாறுகின்றோம். நான் பிறப்பாற் சைவன்; பாதிரிமார் நடத்திய பள்ளியிலே பயின்றவன். விடியற்காலையில் வீட்டிலே தேவாரமும், பின்னர் பள்ளியிலே விவிலியமும் கேட்டு வளர்ந்தவன். ஆதலால், இவ்வினாக்களுக்கெல்லாம் விடை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் நெடுங்காலம் என்னிடம் இருந்தது. அவ்வெண்ணத்தை அசைத்தவர் அதிகம் படித்திராத ஒரு தாய். அவரைப் பற்றிக் கூறுமுன், அவர் என்னிடம் வந்து பேசக் காரணமாயிருந்த பெரியார் ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும்.

சைவர் கண்ட சுவிசேஷம்

சேர் பொன்னம்பலம் இராமநாதனை (1851–1930) அறியாத தமிழ் மாணவர் இலங்கையில் இருக்கமாட்டார். சட்ட அறிஞர், சட்டசபையில் முழங்கியவர், 1913-இல் யாழ்ப்பாணத்திலே பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியவர். கொச்சிக்கடையிலே தம் தந்தையார் அமைத்த சிவன் கோயிலைக் கருங்கற் கோயிலாக எடுப்பித்தவரும் அவரே. பொன்னம்பலவாணேசுவரத்தின் தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்கள், அவருடைய சிவபக்திக்கு வேறு சான்று கேட்கமாட்டார்கள்.

ஆனால் அந்தச் சிவபக்தர் சுவிசேஷங்களுக்கு உரை கண்டவர் என்பதைப் பலர் அறியார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்திற்கு அவர் கூறிய விளக்கம் 1898-இலும், யோவான் எழுதிய சுவிசேஷத்திற்கு அவர் கூறிய விளக்கம் 1902-இலும் ஆங்கிலத்தில் நூல்களாக வெளிவந்தன. ‘பரானந்தர்’ என்ற பெயரில் அவர் கூறியவற்றைப் பதிப்பித்தவர், பிற்காலத்தில் அவருடைய துணைவியாரான ஆஸ்திரேலியப் பெண்மணி ஆர். எல். ஹரிசன். 1905-இல் அமெரிக்காவுக்குச் சென்ற இராமநாதன், அங்குள்ள கிறிஸ்தவ மக்களிடையே ஆன்ம வாழ்வு பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். கீழ்நாட்டுச் சைவர் ஒருவர் மேல்நாட்டாருக்கு அவர்களுடைய வேதத்தையே விளக்கியது சிறிய செய்தியன்று. தமிழுக்கு இது புதிதுமன்று. பேர்சிவல் பாதிரியார் முன்னின்று 1850-இல் வெளியிட்ட தமிழ் விவிலியத்திற்கு உழைத்தவர் ஆறுமுக நாவலர் அல்லரோ!

இராமநாதனின் உரைக்கு அடிப்படையான கருத்து ஒன்றுதான். வேதநூலை எழுத்தளவில் அறிந்தவன் அதன் பொருளை அறிந்தவன் ஆகான். இறையனுபவம் உடையவனே அதை விளக்க வல்லான். தூய நெஞ்சுடையோர் கடவுளைக் காண்பர் என்று மலைப்பொழிவு கூறுகிறது. அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுமாறு அதே பொழிவு பணிக்கிறது. தஞ்சைக் குருநாதர் அருட்பரானந்தரிடம் உபதேசம் பெற்ற இராமநாதனுக்கு இவை அந்நியமாகத் தோன்றவில்லை. புலன்களின் வாயிலை அடைத்து அகத்தே நோக்குதல் என்னும் யோகநெறியைச் சுவிசேஷத்திலும் அவர் கண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளவத்தையிலே ஒரு சிறு மண்டபத்தில், இந்நூல்களைப் பற்றி நான் பேசினேன். பேச்சின் சூட்டிலே ஒரு வாக்கியம் கூறினேன்: “வரம் கேட்டுப் போவது வாணிகம், ஒன்றும் கேளாமற் போவதே தேடல்.” கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

படிக்கட்டிலே ஒரு கேள்வி

கூட்டம் கலைந்தபின் படிக்கட்டிலே ஓர் அம்மையார் எனக்காகக் காத்துநின்றார். எங்கள் மாடிக்குடியிருப்பிலே, எனக்கு இரண்டு தளம் கீழே, மகளோடு வசிப்பவர். வன்னியிலிருந்து வந்தவர். 2009-ஆம் ஆண்டு, போரின் இறுதி நாட்களிலே, தம் ஒரே மகனைத் தவறவிட்டவர். எத்தனையோ வாயில்களிலே மனுவும் புகைப்படமும் கொடுத்தவர்.

“நீங்கள் சொன்னது வடிவாத்தான் இருந்தது, மாஸ்டர். ஆனால் நான் செவ்வாய்க்கிழமையிலை கொச்சிக்கடை அந்தோனியாரிட்டைப் போறது என்ரை பிள்ளையைத் தா எண்டு கேக்கத்தான். பிறகு சிவன் கோயிலுக்கும் போவன். அங்கையும் அதைத்தான் கேப்பன். உள்ளுக்கை அதை வைச்சுக்கொண்டு, வாயாலை ஞானம் தா எண்டு கேட்டால் அது பொய்தானே? அவருக்குத் தெரியாதே?”

எனக்குப் பதில் வரவில்லை. “இல்லையக்கா, நான் உங்களைச் சொல்லவில்லை,” என்று ஏதோ மழுப்பினேன். உண்மையில், அவரைப் போன்றவர்களைத்தான் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு விவிலியத்தை எடுத்துப் புரட்டினேன். நான் தேடியது கானானியப் பெண்ணின் கதை. தீரு, சீதோன் நகரங்களின் பக்கத்திலே, இயேசுவின் இனத்தையோ சமயத்தையோ சேராத ஒரு பெண், மகளின் நோயைத் தீர்க்குமாறு கதறிக்கொண்டு பின்தொடர்கிறாள். அனுப்பிவிடுங்கள் என்கின்றனர் சீடர். இயேசுவும் முதலிற் கடுமையாகவே பேசுகிறார். மேசையினின்று விழும் துணுக்குகள் நாய்களுக்கும் உண்டே என்று அவள் மறுமொழி கூறுகிறாள். அவளுடைய நம்பிக்கை பெரிது என்று இயேசு வியக்கிறார். அவள் ஞானம் கேட்கவில்லை, முத்தி கேட்கவில்லை, மகளைக் கேட்டாள். கேட்டதை மறைக்கவுமில்லை.

தூய நெஞ்சு என்பது ஆசையற்ற நெஞ்சு என்றே நான் பொருள் கொண்டிருந்தேன். வேடமற்ற நெஞ்சு என்றும் அதற்குப் பொருளுண்டு என்பதை அக்கதை காட்டிற்று. தன் தேவையை மறைக்காமல் இறைவன் முன் வைப்பவளே உண்மையாகத் தேடுகிறாள். தேவையற்றவன் போல நின்று கைதட்டலை எதிர்பார்த்த நானல்லவோ அன்று வாணிகம் செய்தவன்!

நாடு கடத்தப்பட்டோருக்கு ஒரு கடிதம்

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் அவருடன் சென்றேன். அவருக்கு முழங்கால் நோவு. துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டேன்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் ஒல்லாந்தர் காலத்தில் தோன்றியது என்பர். கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குரு, கடல் அரித்துக்கொண்டிருந்த கரையிலே சிலுவையை நாட்டி வேண்டினார் என்றும், கடல் பின்வாங்கிற்று என்றும் செவிவழிக் கதை சொல்கிறது. இன்றுள்ள கோயில் 1834-இல் நிறைவேறியது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வருவோரைக் கண்டு இன்னார் இன்ன சமயத்தவர் என்று பிரித்துரைத்தல் எளிதன்று. பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்தி, பொட்டிட்ட பெண்களும் பொட்டிடாத பெண்களும், சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அருகருகே நிற்பார்கள்.

அம்மையார் ஒரு குறிப்பிட்ட வாங்கிலே போய் உட்கார்ந்தார். அங்கே முன்னரே ஒரு சிங்கள மாது இருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். பின்னர் அம்மையார் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார். வெளியே வந்தபின் காரணம் கேட்டேன்.

“அவவின்ரை மகன் ஆமியாம். சண்டையிலை காணாமற் போனவனாம். எனக்குச் சிங்களம் தெரியாது. ‘புத்தா’ எண்டால் மகன் எண்டு மட்டும் தெரியும். ஒண்டு என்ரை புத்தாவுக்கு, ஒண்டு அவவின்ரை புத்தாவுக்கு.”

வீடு திரும்பும் பேருந்திலே எனக்கு எரேமியா தீர்க்கதரிசியின் கடிதம் நினைவுக்கு வந்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து அவர் எழுதிய கடிதம் அது. இரண்டே ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடலாம் என்று ஒரு பொய்த் தீர்க்கதரிசி கூறிவந்த காலம். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்று எழுதுகிறார். உங்களைச் சிறைப்பிடித்த அந்த நகரத்தின் நலனையே தேடி, அதற்காக வேண்டுங்கள் என்றும் எழுதுகிறார். அதே கடிதத்தில், சில வரிகள் தள்ளி, முழு நெஞ்சோடு தேடினால் இறைவனைக் காண்பீர்கள் என்ற உறுதிமொழி வருகிறது. எபிரேய மூலத்திலே நகரத்தின் நலனைத் தேடுதற்கும் இறைவனைத் தேடுதற்கும் ‘தாராஷ்’ என்ற ஒரே வினைச்சொல் வருகிறது என்பது கருதத்தக்கது. பிந்திய வரியை மேடைகளிலே பலமுறை எடுத்தாண்ட நான், முந்திய வரியின்மீது கண் பதித்ததே இல்லை.

1995-இன் இடப்பெயர்விற்குப் பின் வெள்ளவத்தைக்கு வந்தவன் நான். இந்நகரம் எனக்கு ஒரு புகையிரத நிலையத்தின் காத்திருக்கும் மண்டபமாகவே இருந்தது. ஊருக்குத் திரும்பும்வரை தங்குமிடம், அவ்வளவுதான். சுவருக்கு அப்பால் வசித்த சிங்களக் குடும்பத்தின் பெயரைக்கூட நான் கேட்டறிந்ததில்லை. அதே காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, கடவுளைத் தேடுவதாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லின் இரு பொருள்

இறையரசு எப்போது வரும் என்று பரிசேயர் வினவியபோது இயேசு கூறிய விடையை லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே காண்கிறோம். அவ்வரசு இங்கே அங்கே என்று சுட்டிக்காட்டும் பொருளன்று என்பது அவ்விடை. அது ‘உங்களுக்குள்’ இருக்கிறது என்று நாம் வழக்கமாகப் படிக்கும் தமிழ் வேதாகமம் கூறுகிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கு ‘உள்ளே’ என்றும் ‘நடுவே’ என்றும் அறிஞர் இருவகையாகப் பொருள் உரைப்பர். பிற்காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பொன்று ‘நடுவே’ என்பதையே தெரிந்துகொண்டது. ஆயின், பழைய பெயர்ப்பிலுள்ள தமிழ்ச் சொல்லின் அழகைப் பாருங்கள். “உங்களுக்குள் ஒரு திறமை இருக்கிறது” என்றால் அது ஒருவரின் அகத்தைக் குறிக்கும். “உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்றால் அது ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே உள்ள வெளியைக் குறிக்கும். ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

முதற் பொருளின் வழியிலே ஆழச் சென்றவர் இராமநாதன். அவ்வழியின் பெருமையை நான் இன்றும் மறுக்கவில்லை. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை வழங்க முன்வந்தபோது, அதை எதிர்த்த தலைவர்களுள் அவரும் ஒருவர். அவர் மறைந்த மறு ஆண்டிலே, 1931-இல், அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. அகத்தே இறையொளியைத் தேடிய அப்பெரியாருக்கு, உழைக்கும் மக்களின் கையில் ஒரு வாக்குச்சீட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. இதனால் அவர் தேடியது பொய்யென்று ஆகிவிடாது. அகத்திலே தேடுவது மட்டும் போதாது என்பதற்கு அவ்வளவு பெரிய மனிதரின் வாழ்வும் சான்றாகிறது என்பதே என் கருத்து. கோயில்களை நாடி ஓடாமல் என்னைத் தேடுங்கள் என்று இறைவன் கூறுவதாக முழங்கிய ஆமோஸ், அதே மூச்சில், ஏழையை மிதிப்பவர்களைக் கண்டித்ததும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது மெழுகுவர்த்தி

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும், கொழும்பிலே ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இரத்தம் கொடுக்க இனமத பேதமின்றி மக்கள் வரிசையில் நின்றதையும் நாம் கண்டோம்.

அம்மையார் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே செல்பவராதலால் தப்பினார். ஆனால் அவருக்கு அமைதியில்லை. “அவ ஞாயிறிலையும் போறவவோ தெரியாது, மாஸ்டர். பேரும் தெரியாது, இடமும் தெரியாது. ஆரிட்டைக் கேக்கிறது?” மகனைத் தேடி அலைந்த கண்கள், இப்போது நாளிதழ்களில் வந்த மாண்டோரின் படங்களில் வேறொரு முகத்தைத் தேடின. அந்தப் பக்கங்களை அவருக்காகப் புரட்டிக் காட்டியவன் நான். அம்முகம் அவற்றில் இல்லை. எனினும் எல்லாப் படங்களும் அச்சில் வந்துவிடவில்லை.

ஜூன் மாதத்திலே, அந்தோனியார் திருநாளையொட்டி, கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. முதற் செவ்வாய் அம்மையார் சென்றுவந்தார். வாங்கு வெறுமையாக இருந்ததாம். அடுத்த செவ்வாயும் அவ்வாறே. இரண்டு மெழுகுவர்த்திகளையும் ஏற்றிவிட்டு வந்தார். பின்னொரு செவ்வாய் மாலை, என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. முழங்கால் நோவோடு இரண்டு தளம் ஏறி வந்து, மூச்சிரைக்க நின்றார்.

“அவ வந்திட்டா, மாஸ்டர்!”

அவருடைய மகன் இன்னும் வரவில்லை. அந்தச் சிங்கள மாதின் மகனும் வரவில்லை. எழுத்தும் பேச்சும் தொழிலாகக் கொண்ட நான், அவர்களுக்கு ஆறுதலாகக் கூறத்தக்க சொல் எதையும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் அதை என்னிடம் எதிர்பார்க்கவுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் என்னால் இயன்றபோது அவருக்குத் துணையாகச் செல்கிறேன். அந்தோனியாரை வணங்கிவிட்டு, சில நிமிட நடையிலே உள்ள சிவன் கோயிலுக்கும் சென்று, இராமநாதன் எடுப்பித்த தூண்களின் அருகே சற்றுநேரம் அமர்ந்து திரும்புகிறோம்.

சுவருக்கு அப்பால் உள்ள குடும்பத்தின் பெயரைக் கேட்டறிந்துவிட்டேன். அதற்கு எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.