பக்கத்துத் தறியும் பக்கத்து சீட்டும்

2020 ஏப்ரல் வெயில். பத்தமடையில் எங்கள் ஆச்சி வீட்டு மொட்டை மாடியில் என் அக்கா மகன் ஒரு கையில் குடையும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தான். அங்கே மட்டும்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். செல்போன் கீழே முற்றத்தில் சார்ஜில் கிடந்தது. சென்னைக் கம்பெனியின் கணினிக்குள் நுழைய ஆறு இலக்க எண் ஒன்று வேண்டும். அது வந்து விழுந்ததோ கீழே கிடந்த போனில். இறங்கி எடுப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும்.

"ஆச்சி, போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். சத்தமா வாசிங்க!"

ஆச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "ஏழு... மூணு... இது என்னடே, எட்டா ஒம்போதா... ஒம்போது..." மாடிக்குக் கேட்க வேண்டும் என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் பாய் நெய்துகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்: "தம்பி, உன் கம்பெனிப் பூட்டு எனக்கும் திறக்கும்போல இருக்கே!"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டு வேலை வீட்டு நடையில்தான் நடக்கிறது.

அன்று

பத்தமடைப் பாயின் தொழிற்சாலை வீட்டு நடைதான். பின்னாளில் கூட்டுறவுச் சங்கம், சுயஉதவிக் குழு என்று வந்தபோதும் தறி பெரும்பாலும் வாசலைத் தாண்டிப் போகவில்லை. தாமிரபரணிக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் விளையும் கோரையை அறுத்துக் காயவைப்பார்கள். பட்டுப்பாய் என்கிற மெல்லிய ரகத்துக்கு என்று ஒதுக்கியதை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, ஊறி உப்பியதை மெல்லிய இழைகளாகக் கிழிப்பார்கள். தரையை ஒட்டிக் கட்டிய தறியில் பாவு நூல் நீண்டு கிடக்கும். நீளக் குச்சியில் ஓர் இழையைக் கொடுத்து நூலுக்கு ஊடே செலுத்தி, அடித்து நெருக்கி, பிறகு அடுத்த இழை. நூறு கவுன்ட், நூற்றிருபது கவுன்ட் என்று ஏற ஏற இழை மெலியும், நாள் கூடும். நல்ல பட்டுப்பாய் ஒன்று முடிய மாதம் ஆகிவிடும். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போன கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

இந்த வேலைக்கும் ரகசியம் உண்டு. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து நெய்வார்கள். பத்திரிகை அச்சாவதற்கு முன்பே, சில நேரம் சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்பது நெய்கிறவர் வீட்டுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் நான் அந்த வீட்டு நடைக்கு ஓடிப்போனால், அந்த அக்காவின் அம்மா பாயில் எழுத்து வந்த பக்கத்தின்மேல் ஒரு துணியை இழுத்துவிடுவார். "என்னது பெரியம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, தூசி விழும்" என்பார். எந்தப் பாட வகுப்பிலும் அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அடுத்தவர் விஷயம் நம் வீட்டில் இருக்கும்போது அதை மூடிவைக்க வேண்டும் என்பது தறியோடு வந்த பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் செய்த வேலை என்றாலும் அது தனியாகச் செய்த வேலை இல்லை. மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் இழை கிழிக்கப் பழகினாள். சாயம் கொஞ்சம் மாறினால், "இது சரியா இருக்கா பாரு" என்று அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்கலாம். நூலும் கூலியும் கொண்டுவரும் வியாபாரி யார் என்பது தெருவுக்கே தெரியும். புது ஆள் ஒருவன் தெருவுக்குள் நுழைந்தால் நாலு திண்ணையிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "யாரு? எந்த ஊரு? யாரைப் பாக்கணும்?" பதில் சரியில்லை என்றால் அவன் எந்த வாசலுக்கும் போய்ச் சேர மாட்டான். சுருங்கச் சொன்னால், வேலை நடந்தது வீட்டில். ஆபீஸாக இருந்தது தெரு.

நடுவில் ஓர் இரவு

கணினி வேலைக்கு அப்படி ஒரு பழக்கம் வளர நேரமே கிடைக்கவில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐ.டி. வேலை என்றால் கண்ணாடிக் கட்டடம்தான். வாசலில் அடையாள அட்டை, பையைத் திறந்து சோதனை, சில இடங்களில் உள்ளே செல்போனுக்குக்கூடத் தடை. பி.பி.ஓ. போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டில் உட்காரவைத்து வேலை வாங்க வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. அதற்குப் பிணைத்தொகைகூட இருந்தது. அந்த நிபந்தனைகளை அரசு 2020 மார்ச் 13 அன்று தற்காலிகமாகத் தளர்த்தியது. மார்ச் 24 இரவு பிரதமர் பேசினார். நள்ளிரவோடு கொரோனா ஊரடங்கில் நாடு அடைபட்டது. அந்த வருடம் நவம்பரில் பிணைத்தொகை விதி அடியோடு போய்விட்டது.

ஆக, இருபது வருடம் சுவருக்குள் பூட்டிவைத்த வேலை, இரண்டே வாரத்தில் அடுக்களைக்கும் மொட்டை மாடிக்கும் வந்து சேர்ந்தது. லேப்டாப் கூரியரில் வந்தது. எல்லாரும் அவசரத்துக்கு எதிலெதிலோ வீடியோ கூட்டம் போட்டார்கள். ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகமே ஜூம் செயலி பாதுகாப்பானது இல்லை, கவனமாக இருங்கள் என்று அறிவுரை வெளியிட்டது.

வீட்டையும் கம்பெனியையும் இணைத்தது வி.பி.என். என்ற ஏற்பாடு. எங்கள் ஊர்க்காரனுக்கு அதை எளிதாக விளக்கலாம். ஊர்ப் பேரிலேயே மடை இருக்கிறதே. ஆற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் எத்தனை ஊரைத் தாண்டி வந்தாலும் நம் வயலுக்கு ஒரு மடை உண்டு. திறந்தால் தண்ணீர், அடைத்தால் இல்லை. வி.பி.என். என்பது பொது இணையத்துக்கு நடுவே போட்ட தனிக் கால்வாய். கடவுச்சொல்லும் அந்த ஆறு இலக்க எண்ணும் மடைப்பலகை. ஒரு வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது. வயல் மடையை எவனாவது திருட்டுத்தனமாகத் திறந்தால் போகிறது ஒரு வயல் தண்ணீர். இந்த மடை திறந்தால், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அணைக்குள்ளேயே ஆள் நுழைந்துவிடுவான்.

இன்று

இப்போது முழுக்க வீடும் இல்லை, முழுக்க ஆபீஸும் இல்லை. டி.சி.எஸ். 2020-இல், 2025 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் ஆபீஸ் வந்தால் போதும் என்று சொன்னது. 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஜோஹோ வேறு வழியில் போனது. 2011-லேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்த நிறுவனம் அது. கொரோனாவுக்குப் பிறகு சின்ன ஊர்களில் சின்னச் சின்ன அலுவலகங்களாகப் பிரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடப்பவர்கள்தான் அதிகம்.

என் அக்கா மகனும் அதில் ஒருவன். மாதத்தில் இரண்டு வாரம் சென்னை, இரண்டு வாரம் ஊர். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தில் லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் வாடிக்கையாளர் பெயர்வரை வாசித்துவிடலாம். ஸ்டேஷன் வைஃபை, டீக்கடை சார்ஜர், வீட்டில் அதே இணைப்பில் ஓடும் டிவி என்று ஒரே லேப்டாப் ஒரே வாரத்தில் எத்தனையோ வாசல் ஏறி இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நாலு நாள் அவன் இருக்கிறானா இல்லையா என்றே கம்பெனிக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு ஒன்று. அது அவனுக்கே நேர்ந்ததால் எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் போன் வந்தது. "ஐ.டி. சப்போர்ட்ல இருந்து பேசறோம். உங்க வி.பி.என்.ல பிரச்சினை காட்டுது. ஒரு லிங்க் அனுப்பறோம், லாகின் பண்ணுங்க." பக்கம் கம்பெனிப் பக்கம் மாதிரியே இருந்தது. கடவுச்சொல்லைப் போட்டுவிட்டான். ஆறு இலக்க எண் கேட்டபோதுதான் எதுவோ உறுத்தியது. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தானாம். அந்த ஒரு நிமிடம் காப்பாற்றியது.

"சென்னையில இருந்திருந்தா பக்கத்து சீட்ல திரும்பி, 'உனக்கும் இப்படி கால் வந்துச்சாடா'ன்னு கேட்டிருப்பேன் மாமா. இங்க யாருகிட்ட கேக்க?" என்றான்.

அவன் கையில் நின்றது உலகத்தில் பெரிய இடங்களில் நிற்கவில்லை. 2020 ஜூலை 15 அன்று ட்விட்டர் விழுந்தது இதே கதையில்தான். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியர்களை அழைத்து, உதவி மையத்திலிருந்து வி.பி.என். பிரச்சினைக்காகப் பேசுவதாகச் சொல்லி, போலிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். ஒபாமா, பைடன், ஈலான் மஸ்க் கணக்குகளிலிருந்தெல்லாம் பிட்காயின் மோசடிப் பதிவு வந்தது. குறிவைக்கப்பட்டவை 130 கணக்குகள். முக்கியக் குற்றவாளி ஃபுளோரிடாவில் இருந்த 17 வயதுப் பையன். 2022-இல் கடவுச்சொற்களைக் காக்கும் நிறுவனமான லாஸ்ட்பாஸுக்கு இன்னும் மோசம். பெட்டகத்தின் சாவி இருந்தது நாலே நாலு பொறியாளர்களிடம். அதில் ஒருவருடைய வீட்டுக் கணினியில் இருந்த ஒரு வீடியோ மென்பொருளின் ஓட்டை வழியாகத்தான் திருடன் உள்ளே போனான். அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாயை 2021 மே மாதம் நிறுத்தியது, யாரும் பயன்படுத்தாமல் மறந்துவிட்ட ஒரு வி.பி.என். கணக்கு. அதற்கு இரண்டாவது பூட்டே இல்லை.

இதற்கெல்லாம் கம்பெனிகள் வைத்தியம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளே வந்துவிட்டான் என்பதற்காக எவனையும் நம்பாதே, ஒவ்வொரு அறை வாசலிலும் மறுபடி கேள் என்பது இன்றைய பாதுகாப்பு வேதம். அதைப் பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள். எங்கள் தெருத் திண்ணைக்கு அது "யாரு? எந்த ஊரு? யாரைப் பாக்கணும்?" தான். அரசும் 2022 ஏப்ரல் 28 அன்று தன் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் மூலமாக ஒரு கட்டளை போட்டது: இணையத் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கம்பெனிக்குத் தெரிந்த பிறகு. கம்பெனிக்குத் தெரிய வேண்டுமென்றால், மாடியறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் "நான் ஏமாந்துட்டேன்" என்று வாய் திறக்க வேண்டும். என் அக்கா மகன் திறப்பதற்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். வேலை போய்விடுமோ என்ற பயம். மேலதிகாரி திட்டவில்லை. "சொன்னியே, அது போதும்" என்று உடனே அவன் கணக்கை முடக்கி, மாற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால், அடுத்த முறை ஏமாறுகிற பையன் வாயே திறந்திருக்க மாட்டான்.

வேலையை மறுபடி கண்ணாடிக் கட்டடத்துக்குள் பூட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு என்பது பாதுகாப்புக்கு எதிரி என்றால், கல்யாணப் பெயர்கள் அத்தனையும் பத்திரிகைக்கு முன்னால் வெளியே வந்திருக்க வேண்டும். வேலை வீட்டுக்கு வந்ததில் தப்பில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதில் இரட்டை நஷ்டம்: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இழை கிழிக்கப் பழகியதுபோல, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலும் பழக முடியவில்லை, எந்த மெயிலைத் திறக்கக் கூடாது என்பதும் பழகவில்லை.

பாய் நெய்கிற அக்கா வீட்டில் இப்போது ஒரு தறிதான் ஓடுகிறது. மெஷின் பாயும் பிளாஸ்டிக் பாயும் வந்தபின் சாதாரணப் பாய்க்கு விலை இல்லை. பட்டுப்பாய் ஆர்டர் வந்தால்தான் உண்டு. மகள் நெய்யவில்லை, திருநெல்வேலியில் படிக்கிறாள். காலியாகக் கிடந்த மாடியறையை அவர் போன வருடம் வாடகைக்கு விட்டார். எடுத்தது என் அக்கா மகனும் இன்னும் மூன்று பையன்களும். நாலு பேரும் நாலு கம்பெனி. நாலு மேசையையும் நாலு சுவர் ஓரமாக, ஒருவர் திரையை ஒருவர் பார்க்க முடியாதபடி உள்நோக்கிப் போட்டிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும். யாராவது சாப்பாட்டுக்கு எழுந்தால் முதலில் லேப்டாப் மூடி இறங்குகிறது, பெரியம்மா துணியை இழுத்துவிட்டதுபோல.

போன வாரம் நான் போயிருந்தேன். வாசலிலேயே அக்கா நிறுத்தினார். "யாரைப் பாக்கணும்?" கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா தம்பி, மேல போங்க" என்றார். நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் போன் அடித்தது. எடுத்தவன் ஏதோ கேட்டுவிட்டு, "எந்த சப்போர்ட் டீம்?" என்றான்.

மற்ற மூன்று தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. "யாருடே அது?"