அத்திப்பட்டுச் சாம்பலும் ஆவடி வீடும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், ஒரு பழைய வீட்டை இடித்து அதே மனையில் கீழே கார் நிறுத்தமும் மேலே ஃபிளாட்டுகளுமாக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே யாரும் குடியேறி ஒரு விளக்கைப் போடும் முன்பே, அந்தக் கட்டடத்தின் கணக்கில் பல டன் கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. பெரும்பங்கு சிமென்ட்டுடையது, அடுத்தது கம்பி.

ஆலையில் நிலக்கரி எரிப்பதால்தான் இத்தனை வாயு என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரியலூரில் வெட்டும் அந்தக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டால்தான் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் உருளும். கல்லில் கட்டுண்ட வாயு அப்போது பிரிந்துபோகும். உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. கலப்பில்லாத ஓபிசி சிமென்ட் ஒரு மூட்டைக்கு, அதாவது 50 கிலோவுக்கு, ஏறக்குறைய 40 கிலோ வாயு. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதே வழி.

குறைப்பதற்கான பொருள் நம் பக்கத்திலேயே கொட்டிக் கிடக்கிறது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், செப்பாக்கம் மக்களின் மூச்சையும் கொசஸ்தலை ஆற்றையும் வருடக்கணக்காக வதைத்துவருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலில் நுண்ணிய பகுதியை 35 சதவீதம் வரை சேர்த்து பிபிசி சிமென்ட் தயாரிக்க இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. செங்கல்லாகவும் வார்க்கலாம். அதற்குச் சூளை வேண்டாம், வயலின் மேல்மண் வேண்டாம். வண்டலூரிலிருந்து பூந்தமல்லி, ஆவடி ஓரமாகச் செல்லும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முடிவது மீஞ்சூரில், அந்தச் சாம்பல் மேட்டுக்கு அருகில். இதைவிட வசதியான பாதை வேறெந்த ஊருக்கு வாய்க்கும்?

ஆனால் மேஸ்திரியிடம் கேட்டால், “தளத்துக்கு 53 கிரேடு போடுங்க சார், அதான் ஸ்ட்ராங்கு” என்பார். 53 என்பது 28 நாளில் அந்த சிமென்ட் தாங்க வேண்டிய குறைந்தபட்ச வலிமை. வீடு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கான அளவு இல்லை. சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாக இறுகும், ஆனால் மாதக்கணக்கில் வலுவேறிக்கொண்டே போகும். உப்பையும் நன்றாகத் தாங்கும். அது கேட்பது பொறுமையும் தண்ணீரும்தான். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் என்றால் இதற்கு 10 நாள். தளம் போட்ட மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, விரிசலுக்கு பிபிசியைத் திட்டுவது பெரிய அநியாயம்.

எனக்கு அதைவிட ஆதங்கம் கம்பி விஷயத்தில். மண் பரிசோதனையும் இல்லை, கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் இல்லை. “இருக்கட்டும், சேஃப்டிக்கு” என்று தூணைப் பெருக்கி, கம்பியை நெருக்கிக் கட்டுகிறார்கள். ஏரியை ஒட்டிய களிமண் மனையில் அஸ்திவாரத்துக்குப் போதாமலும், மேலே தேவைக்கு மிஞ்சியும் இரும்பு போய்விடுகிறது. டைல்ஸ் கடையில் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள், முதல் கடைக்கால் தோண்டும் முன் பொறியாளரோடு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். எத்தனை டன் கம்பி வேண்டும் என்பதோடு, அந்தப் பழைய வீட்டை இடிக்கத்தான் வேண்டுமா, மேலே ஒரு மாடியைத் தாங்குமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.