பழைய கணனியும் உம்மும்மாவின் சமையற் குறிப்பும்

“மௌலவி, மகன் இரவிரவாகக் கணனிக்கு முன்னால்தான் இருக்கிறான். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.”

பெற்றார் கூட்டம் நடக்கும் நாட்களில் தாய்மார் என்னிடம் தவறாமல் கொண்டுவரும் முறைப்பாடு இது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தாயும் சொல்கிறார், பண்டாரவளை நகரில் கடை வைத்திருப்பவரின் மனைவியும் சொல்கிறார். நானும் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் கொடுத்து வந்தேன்: “வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.” அந்தப் பதிலை இப்போது நான் சொல்வதில்லை. ஏன் என்பதை எழுதத்தான் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கணனி வந்தது 2004ஆம் ஆண்டில். கொழும்பில் ஒருவர் பாவித்துக் கழித்தது. விண்டோஸ் 98 போட்டிருந்தது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மத்ரஸாவில் கிதாபும் கையெழுத்தும் தவிர வேறொன்றும் அறியாத நான், பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டப் படித்தேன். என்னைவிட என் மனைவி விரைவாகப் படித்துக்கொண்டார். அப்போது அவரின் உம்மா எங்களோடுதான் இருந்தார். இஷாவுக்குப் பிறகு அடுப்படி வேலை முடிந்ததும் உம்மா சொல்லச் சொல்ல மகள் தட்டுவார். வட்டிலப்பம், நோன்புக் கஞ்சி, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று எல்லாம் கணனிக்குள் போயின. இடையிடையே யார் கலியாணத்தில் எத்தனை சகன் வைத்தார்கள் என்ற கதையும் போகும்.

ஊவா மலைநாட்டின் சித்திரை மாதத்து இடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2007இல் ஒரு பின்னேரம் டெலிபோன் வயர் வழியாக வந்த மின்னல் மோடத்தைக் கருக்கியது. கணனியும் அன்றோடு நின்றது. அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி மூலையில் வைத்தோம். உம்மா 2009இல் வபாத்தானார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு டெலிபோனுக்குள் போனது. எங்கள் பதுளை மாவட்டத்தில் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறியது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. எங்கள் மகனுக்கு அப்போது 14 வயது. பொழுது போகாமல் அந்தத் துணியை எடுத்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் கணனியின் வயிற்றைப் பிரித்துப் பரப்பி, நினைவுத் தகட்டைக் கழற்றி, அதன் மஞ்சள் ஓரத்தைப் பென்சில் அழிறப்பரால் துடைத்தான். செத்துப்போன வட்ட பெட்டரியை மாற்றினான். இரவு ஒரு மணி, இரண்டு மணி என்று போனது. எனக்குக் கோபம். ஒரு நாள் பலமாகவே ஏசிவிட்டு வயரைப் பிடுங்கினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: “நீங்க அந்தக் காலத்துல விடிய விடிய அதைத் தட்டிக்கொண்டு இருந்த நேரம் நான் ஒண்டும் சொல்லலயே.”

மறுநாள் வயரைத் திருப்பிக் கொடுத்தேன். கணனி உயிர் பெறவில்லை. ஆனால் மகன் அதன் வன்தட்டைக் கழற்றி, ஒரு மாற்று வயரால் மச்சானின் மடிக்கணனியோடு இணைத்தான். மின்னல் அதைத் தொட்டிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மும்மாவின் கோப்புகள் இருந்தன. ஓடிப்போய் உம்மாவைக் கூட்டி வந்து திறந்து காட்டினான்.

திரை நிறைய ஆங்கில எழுத்துக் குப்பை. “உம்மா” என்று இருக்க வேண்டிய இடத்தில் சீ, கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். மனைவி திரையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சகோதரிகள் இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் வீட்டுப் பழைய கணனியிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். பாமினி போன்ற எழுத்துருக்களில் கணனி தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கிறது, அதன் மேல் தமிழ் உருவம் சட்டை மாதிரிப் போட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் சட்டை கழன்றுவிடும். யுனிகோட் என்பது வேறு. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தனி இலக்கம் உண்டு. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஆனால் எங்களைப் போன்றோரின் விண்டோஸ் 98இல் அதற்கான தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் அது கணனியோடு சேர்ந்து வந்தது.

இந்த இடத்தில்தான் நமது சமூகத்து மனிதர் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். தமிழ்நாட்டில் தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்தவர் மர்ஹூம் உமர்தம்பி அவர்கள். ஊரிலுள்ள காதிர் முகைதீன் கல்லூரியில் அவர் படித்தது விலங்கியல். வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசையில் மின்னணு வேலையைக் கற்றார். துபாய்க்குப் போய், சாதனங்கள் பழுது பார்க்கும் தொழிலில் இருந்தபடியே கணனியைத் தாமாகவே கற்றுக்கொண்டார். கணனிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. பல வருடங்களின் பின் ஊர் திரும்பி, அந்த அறிவைத் தமிழுக்கென்று திருப்பினார்.

அவர் செய்தவற்றில் பெயர் பெற்றது “தேனீ” எழுத்துரு. அது ஒரு யுனிகோட் எழுத்துரு. பக்கத்தோடு சேர்ந்து தானே இறங்கிவரும் வடிவிலும் அதைச் செய்து கொடுத்தார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால் போதும், வாசிப்பவர் எதையும் தம் கணனியில் நிறுவ வேண்டியதில்லை. எழுதுபவர் தம் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் 98 வைத்திருப்பவருக்கும் தமிழ் தமிழாகவே தெரியும். 2004, 2005ஆம் ஆண்டுகளில் தமிழில் சொந்தப் பக்கம் தொடங்கிய எத்தனையோ பேர் அதைத்தான் பாவித்தார்கள். ஆங்கில ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதும் செயலியையும் அவர் செய்தார். எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தார்.

அக்காலத்தில் பண்டாரவளை நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து இணையம் பார்ப்பேன். அதுவரை தமிழ்ப் பக்கம் என்றால் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும், கடைக்காரர் விடமாட்டார். ஒரு நாள் ஒன்றும் நிறுவாமலே முழுப் பக்கமும் தமிழில் வந்து நின்றது. என்ன புதினம் என்று நினைத்தேனே தவிர, பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று நினைக்கவில்லை. உமர்தம்பி அவர்கள் 2006 ஜூலையில், 53 வயதில் வபாத்தானார்கள். 2010இல் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதனோடு கூடிய தமிழ் இணைய மாநாட்டின் அரங்கு ஒன்றுக்கு அவரின் பெயரை வைத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஸதகதுல் ஜாரியா என்றால் கிணறும் பள்ளிவாசலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஓர் எழுத்துருவும் அந்தக் கணக்கில் சேராது என்று யார் சொல்வார்?

வானொலிப் பெட்டியைக் கழற்றியவரின் கையிலிருந்து வயரை யாரும் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. நினைத்த நேரம் வெட்கமாகவே இருந்தது.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் தகரப் பெட்டியில் என் வாப்பாவின் உம்மா எழுதிய கடிதங்கள் சில இருக்கின்றன. அரபுத் தமிழில் எழுதியவை. அவருக்குத் தமிழ் எழுத்து எழுத வராது. நம் பாட்டிமார் பலர் அப்படித்தான். தமிழ் ஓசைக்கென்று அரபு எழுத்தில் மேலும் கீழும் புள்ளி சேர்த்துத் தம் மனதில் உள்ளதை எழுதினார்கள். இன்று வீட்டில் என்னைத் தவிர எவருக்கும் அவற்றை வாசிக்கத் தெரியாது. நான் போய்விட்டால் அதுவும் திரையில் வந்த குப்பை மாதிரித்தான். மகனிடம் அதைக் காட்டினேன். அன்றிலிருந்து நானும் அவன் பக்கத்தில் உட்காரத் தொடங்கினேன்.

பாமினி எழுத்துருவை நிறுவியதும் கோப்புகள் தமிழாகின. யுனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் மகளுக்கு அப்போது 12 வயது. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துப் பிழை திருத்தினாள். கட்டாரில் இருக்கும் மைனி கேட்டார் என்று அவற்றை ஓர் இணையத்தளமாக்கும் எண்ணம் வந்தது. இணையப் பக்கம் என்றால் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. எது தலைப்பு, எது பந்தி என்று சில குறிகளை இடையில் இட்டு, நோட்பேடிலேயே எழுதலாம். ஒரே ஒரு கவனம் வேண்டும். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்பது தெரிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் மகன் அதை மறந்துவிட்டான். புதிதாகத் தட்டிய மூன்று குறிப்புகளும் வரிவரியாகக் கேள்விக்குறியாகிவிட்டன. அவை திரும்பி வரவில்லை. உம்மாவும் மகளும் மறுபடி தட்டினார்கள்.

எதைப் போடுவது என்பதில் வீட்டில் பெரிய வாதம் நடந்தது. முடிவில் என் மனைவி சொன்னபடி நடந்தது, அது சரியாகவும் இருந்தது. முகம் தெரியும் படம் இல்லை. பிள்ளைகளின் முழுப் பெயர், பாடசாலை, வீட்டு விலாசம், டெலிபோன் இலக்கம் எதுவுமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் போகும் செய்தியை அங்கே எழுதுவதில்லை. கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கலாம் என்று மகன் சொன்னபோது, சட்டியின் படத்தைக்கூட அந்தக் குறிப்பை நீக்கிய பிறகே போட விட்டார். இன்னொன்றும் உண்டு. இலவச இடத்தை நம்பி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடக் கூடாது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் உலகெங்குமுள்ள எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பக்கங்களை வைத்திருந்தன. 2009இல் அதை மூடிவிட்டார்கள். எங்கள் பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது, இன்னொன்று மச்சானிடம்.

நேரம் பற்றிக் கேட்பீர்கள். கணனி அறைக்குள் போகவில்லை. முன்கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில்தான் இருக்கிறது. பத்தரைக்கு நிற்பாட்ட வேண்டும். மகளுக்கும் மகனுக்கும் சம நேரம். இதில் மகன் அடிக்கடி முரண்டு பிடித்தான், இப்போதும் பிடிக்கிறான். அவன் சுபஹுக்கு எழும்பாத நாளும் உண்டு, மறைக்க மாட்டேன்.

பெரிய சிக்கல் கணனியில் இல்லை, அளவில்தான். உம்மும்மா எல்லாவற்றையும் சுண்டிலும் கொத்திலும் சொல்லியிருக்கிறார். நாலு சுண்டு ஒரு கொத்து என்பது சரி. கட்டாரில் இருப்பவருக்கு ஒரு சுண்டு தேங்காய்ப்பூ எத்தனை கிராம்? எங்கள் வீட்டுச் சுண்டை அரிசியால் நிரப்பி நிறுத்தார்கள், பிறகு மாவால், பிறகு தேங்காய்ப்பூவால். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறை. ஒரு வாரம் அடுப்படி முழுக்கத் தராசுதான்.

கடைசிக் கோப்பு சரக்குக் கறி. 2007இல் அந்த மின்னல் பின்னேரத்துக்கு முதல் நாள் இரவு தட்டத் தொடங்கியது. “மிளகை முதலில் வறுத்து எடுத்து, பிறகு” என்பதோடு நிற்கிறது. உம்மாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது, மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம். அந்த நாளை வரவில்லை. மனைவிக்கு அந்தக் கறி சமைக்கத் தெரியும். ஆனாலும் மீதியைத் தன் சொல்லில் எழுத அவர் ஒப்பவில்லை. வெலிமடையில் உம்மாவின் தங்கை, சாச்சி, இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டியும் நினைவு தெளிவாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் பிள்ளைகள் இருவரும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடும், கூடவே எங்கள் சுண்டோடும் அங்கே போகிறார்கள்.