நடுவில் நிற்காத அம்ப்ளிபயர்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. டோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. ஆனாலும் இரவுச் செய்தியைக் கேட்காமல் யாரால் படுக்க முடியும்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசியது. சைக்கிள் டைனமோவின் வழமையான அளவு 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டுக்காகக் கை கடுக்கச் சுற்றியவர்களுக்கு ஒரு வாட்டின் பெறுமதியை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

தேசிய மின்கட்டமைப்போடு குடாநாடு மீண்டும் இணைய 2013 ஆனது. அதற்குப் பிறகும், 2022 மார்ச் கடைசியில், இலங்கை முழுவதும் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. சுவாமி வீதியுலா, சனசமூக நிலையத்துக் கூட்டம், தேர்தல் பிரசார வாகனம் என்று மின்கம்பி எட்டாத இடங்களில் ஒலிபெருக்கி பற்றரியையே நம்பியிருக்கிறது. அங்கே, “இந்த அம்ப் எத்தனை வாட்?” என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பற்றரியில் இருந்து எடுப்பதில் எவ்வளவு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது?

இந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை சொல்வது டி வகுப்பு அம்ப்ளிபயர். வீட்டு மேசையில் செய்து பார்க்கக்கூடியது. அதேசமயம் சும்மா செய்தால் புகைந்துபோகக்கூடியதும் இதுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

வெப்பம் எங்கே பிறக்கிறது

வெப்பமாக வீணாகும் வலு என்பது டிரான்சிஸ்டரின் மேல் நிற்கும் வோல்ட்டையும் அதனூடாக ஓடும் அம்பியரையும் பெருக்கினால் வருவது. பழைய ஏபி வகுப்பு அம்ப்ளிபயரில் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பாதி கடத்தி, பாதி தடுத்து நிற்கும். 5 அம்பியர் ஓடும்போது அதன் மேல் 20 வோல்ட் நின்றால் 100 வாட் வெப்பம். பெரிய அலுமினிய ஹீட் சிங்க் வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

அதே 5 அம்பியரை முழுதாகத் திறந்த ஐஆர்எஃப்540என் என்ற மொஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் ஊடாக விடுங்கள். அதன் தடை 0.044 ஓம். மேலே நிற்பது 0.22 வோல்ட். வெப்பம் 1.1 வாட். முழுதாக மூடிவிட்டால் மின்னோட்டமே இல்லை, வெப்பமும் இல்லை. ஆக, திறந்திருந்தால் இழப்பு சொற்பம், மூடியிருந்தால் இழப்பே இல்லை. நடுவில் நிற்கும் நேரத்துக்குத்தான் விலை. டி வகுப்பின் முழுக் கொள்கையும் இதற்குள் அடங்கிவிடும்: டிரான்சிஸ்டரை நடுவில் நிற்க விடாதே.

ஆனால் பாட்டு என்பது ஏறி இறங்கும் அலை. திறப்பு, மூடல் என்ற இரண்டே நிலைகளை வைத்து அதை எப்படி வரைவது? நம் தோட்டக் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். பட்டையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் மேலே வருகிறது. ஆனால் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் இறங்கும்போது ஒரே சீராக ஓடுகிறது. விரைவாக இறைத்தால் வாய்க்கால் நிறையும், தாமதித்தால் வற்றும். டி வகுப்பில் செக்கனுக்குப் பல இலட்சம் தடவை திறந்து மூடும் மொஸ்ஃபெட் துலாவின் வேலையைச் செய்கிறது. அதன் பின்னால் உள்ள தூண்டிச் சுருளும் கப்பாசிட்டரும் தொட்டியின் வேலையைச் செய்கின்றன.

எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவுசெய்வது ஒரு ஒப்பீட்டுச் சுற்று. ஒரு பக்கம் பாட்டின் அலை. மறுபக்கம், ஏறத்தாழ 400 கிலோஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் முக்கோண அலை. பாட்டு மேலே இருக்கும் நேரமெல்லாம், மின்வழங்கலின் கூட்டல் முனையோடு இணைந்த மேல் மொஸ்ஃபெட் திறக்கும். கீழே இருக்கும் நேரமெல்லாம், கழித்தல் முனையோடு இணைந்த கீழ் மொஸ்ஃபெட் திறக்கும். வெளியே வருவது ஒரே உயரமான, அகலம் மட்டும் மாறும் துடிப்புகள். பாட்டு அந்த அகலத்தில் ஒளிந்திருக்கிறது. 22 மைக்ரோஹென்றி சுருளும் 0.68 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்தால் ஏறத்தாழ 41 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை அடக்கிவிடும். காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் தடையின்றிக் கடந்து போகும். 400 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். இந்த மதிப்புகள் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பொருந்துவன. ஸ்பீக்கரின் ஓம் மாறினால் இவையும் மாற வேண்டும்.

‘டி’ என்றதும் ‘டிஜிட்டல்’ என்று பலர் எண்ணுவதுண்டு. ஏ, பி, சி என்ற வரிசையில் அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். இங்கே எண்கள் எதுவும் இல்லை. துடிப்பின் அகலம் தொடர்ச்சியாக மாறுகிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. பிரித்தானியாவில் கிளைவ் சின்கிளயர் 1964இல் எக்ஸ்-10 என்ற 10 வாட் டி வகுப்புப் பொதியை, வாங்குபவர்களே பூட்டிக்கொள்ளும்படி விற்றார். அது சொன்னபடி உழைக்கவில்லை. அக்காலத்து டிரான்சிஸ்டர்கள் திறப்பதிலும் மூடுவதிலும் மந்தம்; நடுவிலேயே அதிக நேரம் நின்றன. விரைவான மொஸ்ஃபெட்டுகள் வந்த பின்னரே கொள்கை கைக்கு எட்டியது.

பற்றரிக் கணக்கு

ஏபி வகுப்பின் உச்ச வினைத்திறன் ஏட்டில் 78.5 சதவீதம். ஆனால் பாட்டு எந்நேரமும் உச்சத்தில் நிற்பதில்லை. நடைமுறையில் வினைத்திறன் 25 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். சராசரியாக 5 வாட் ஒலிக்கு 20 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் இது 1.7 அம்பியர். டி வகுப்பு அதே நிலையில் 80 சதவீதம் தரும் என்று கொண்டால் 0.5 அம்பியருக்குச் சற்று மேல். 40 அம்பியர்-மணி கார் பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. எஞ்சும் 20 அம்பியர்-மணியில் முன்னது ஏறத்தாழ 12 மணிநேரம் பாடும். பின்னது 38 மணிநேரம்.

கடைகளில் போர்டின் மேல் அச்சடித்திருக்கும் ‘200 வாட்’ போன்றவற்றையும் இதே கையோடு சோதித்துவிடலாம். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் அம்ப் ஓட்டும் முழுப் பாலச் சுற்றில், வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுத்தால் வருவதுதான் ஒரு சானலின் எல்லை. 12.6 வோல்ட் பற்றரியும் 4 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 20 வாட். 19 வோல்ட் லப்டொப் அடப்டர் என்றால் 45 வாட். ஒலி சிதையாமல், வோல்ட்டை உயர்த்தும் சுற்றும் இல்லாமல், இதைத் தாண்ட எந்த ஐசியாலும் முடியாது.

செய்வது

வழி இரண்டு. முதலாவது, எல்லாம் ஒரே ஐசிக்குள் அடங்கிய போர்ட். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 மலிவுப் போர்டுகளில் பரவலாகக் காணப்படுவது. 4.5 வோல்ட்டில் இருந்து 26 வோல்ட் வரை இயங்கும். 21 வோல்ட்டில் 4 ஓமுக்குச் சானலுக்கு 50 வாட் வரை தரும். இரண்டாவது, ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பது: ஒப்பிட எல்எம்311, மொஸ்ஃபெட்டுகளை ஓட்ட ஐஆர்2110, இரண்டு ஐஆர்எஃப்540, 18-0-18 மின்மாற்றியில் இருந்து கிடைக்கும் கூட்டல் கழித்தல் 25 வோல்ட். படிப்பதற்கு இரண்டாவதே சிறந்தது. எரிவதும் அதிகம் அதுதான்.

எரிவதற்கு முதற்காரணம், மேல் மொஸ்ஃபெட் மூடி முடிக்கும் முன் கீழ் மொஸ்ஃபெட் திறந்துவிடுவது. அந்தக் கணத்தில் கூட்டல் முனைக்கும் கழித்தல் முனைக்கும் நேர்வழி கிடைத்துவிடும். இதைத் தவிர்க்க, இரண்டும் மூடியிருக்கும் ஒரு சிறிய இடைவெளி வேண்டும். சில பத்து நனோசெக்கன் போதும். கூடினால் ஒலி கரகரக்கும்; குறைந்தால் மொஸ்ஃபெட் கொதிக்கும். மொஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் முனையான கேற்றுக்குப் போகும் வழியில் 10 முதல் 22 ஓம் வரையான ரெசிஸ்டரும், அதற்குச் சமாந்தரமாக, மூடும் திசையில் 1என்4148 டயோடும் வைத்தால் திறப்பு மெதுவாகவும் மூடல் விரைவாகவும் நடக்கும்.

அடுத்தது, வரைபடத்தில் தெரியாத ஒரு பாகம்: வயரின் நீளம். ஒரு சென்ரிமீற்றர் வயரும் 10 நனோஹென்றி அளவில் ஒரு சுருள்தான். 20 நனோசெக்கனில் 10 அம்பியர் மாறினால் அந்த ஒரு சென்ரிமீற்றரிலேயே 5 வோல்ட் முளைத்துவிடும். மூன்று நான்கு அங்குலம் வயர் இழுத்து வெரோ போர்டில் பூட்டினால் கேற்றே தானாகத் திறக்கும். மொஸ்ஃபெட்டின் கால்களை ஒட்டியே மின்வழங்கல் கப்பாசிட்டர் இருக்க வேண்டும். கேற் வழி மிகக் குட்டையாக இருக்க வேண்டும். பாட்டு வரும் கிரவுண்டும் ஸ்பீக்கரின் கிரவுண்டும் ஒரே புள்ளியில் மட்டும் சந்திக்க வேண்டும்.

சுருளுக்கான வளையத்தைப் பழைய கணினி மின்வழங்கலில் இருந்து கழற்றுவது நம்மவர் வழக்கம். அதில் உள்ள மஞ்சள்-வெள்ளை வளையம் இந்த அதிர்வெண்ணில் தானே சூடேறும். டி வகுப்புக்கென்று விற்கும் சுருளை வாங்குவதே மேல். சுருளுக்குப் பின்னால் வரும் கப்பாசிட்டர் பிளாஸ்டிக் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். மலிவான செரமிக் கப்பாசிட்டர் வோல்ட் ஏறும்போது தன் மதிப்பை இழக்கும்.

பிழை பிடிப்பது

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது ஸ்பீக்கர் வேண்டாம். 4 ஓம் வயர்சுற்று ரெசிஸ்டரைப் பூட்டுங்கள். மின்மாற்றி என்றால் 230 வோல்ட் பக்கத்தில் 60 வாட் இழை பல்பைத் தொடராகப் போடுங்கள். ஒருதடவை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட். லப்டொப் அடப்டருக்கு இந்த முறை சரிவராது. அது விட்டு விட்டுத் துடிக்கும். அதற்கும் பற்றரிக்கும் நேர்மின்னோட்டப் பக்கத்தில் ஓட்டோவின் 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பைத் தொடராக்குங்கள். 24 வோல்ட் என்றால் இரண்டு பல்புகள்.

பல்ப் எரிந்துகொண்டே இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, கப்பாசிட்டர்கள் வடிந்த பின் மொஸ்ஃபெட்டின் ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரு திசையிலும் சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. மொஸ்ஃபெட் தனியாகப் போவது அரிது. கேற் ரெசிஸ்டரையும் ஓட்டும் ஐசியையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கும். புது மொஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால் அதுவும் போகும்.

பல்ப் மங்கியது, ஆனால் ஒலி இல்லை. முக்கோண அலை பிறக்கிறதா? அலைகாட்டி இல்லாவிட்டால் மத்திய அலை வானொலியைப் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். 400 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் சுற்றின் மடங்குகள் 800, 1200, 1600 கிலோஹெர்ட்ஸில் விழும். அங்கே வானொலியின் இரைச்சல் மாறினால் சுற்று துடிக்கிறது. ஒரு காலம் டைனமோவில் ஓடிய பெட்டி இன்று நல்ல சோதனைக் கருவி. பாட்டுக் கேட்கும்போது இதே குறுக்கீடு தொல்லையாக வந்தால் ஸ்பீக்கர் வயர்களை முறுக்கிக் குறுக்குங்கள். டிபிஏ3116 போன்ற ஐசிகளில் துடிப்பின் அதிர்வெண்ணை மாற்றவும் வசதி உண்டு.

அடுத்துத் தொடர்ந்து நிற்கும் வோல்ட். கூட்டல் கழித்தல் மின்வழங்கலோடு ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டும் அரைப்பாலத்தில், பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு மொஸ்ஃபெட் ஷோர்ட் ஆனால் 25 வோல்ட் முழுதும் ஸ்பீக்கர் சுருளில் ஏறி அதைக் கருக்கிவிடும்; காப்பு ரிலே அவசியம். முழுப் பாலத்தில் கணக்கு வேறு. இரு முனையும் மின்வழங்கலின் பாதியில், 12 வோல்ட் பற்றரியில் ஏறத்தாழ 6 வோல்ட்டில், நிற்கும். இடையே வித்தியாசம் மட்டும் சுழியம். ஆகவே ஸ்பீக்கரின் கழித்தல் வயரை வாகனத்தின் உடலோடு பூட்டினால் அது ஷோர்ட். ஐசி தன்னைக் காக்க ஒலியை நிறுத்திவிடும்.

மெல்லிய ஒலியில் பாடி, கூட்டியதும் வெட்டினால் மின்வழங்கும் வயரைப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஐந்து மீற்றர் போய்த் திரும்பினால் 0.17 ஓம். 10 அம்பியர் இழுக்கும் கணத்தில் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அரைப்பாலத்தில் ஆழமான தவில் அடிக்கு மட்டும் வெட்டினால் காரணம் வேறு. ஒரு பக்க மின்வழங்கலில் இருந்து எடுத்தது மறுபக்கத்துக்குத் திரும்பிப் போய் அங்கே வோல்ட்டை ஏற்றுகிறது. பெரிய கப்பாசிட்டர் உதவும். முழுப் பாலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

புளூடூத் போர்டையும் அம்ப்பையும் ஒரே பற்றரியில் ஓட்டும்போது கேட்கும் கீச்சொலி, இரண்டும் பகிரும் கிரவுண்டில் பிறப்பது. புளூடூத் போர்டுக்குத் தனிமைப்படுத்திய சிறு டிசி-டிசி மாற்றி வாங்கிப் போட்டால் அடங்கும். இரண்டு தனி அம்ப் போர்டுகள் அருகருகே இருந்து விசிலடித்தால், அவற்றின் துடிப்புகள் சற்றே வேறுபட்டு, அந்த வித்தியாசம் காதில் விழுகிறது என்று பொருள். ஒன்றின் துடிப்பை மற்றதோடு இணைக்க வேண்டும்.

பாட்டே இல்லாதபோது மொஸ்ஃபெட் கொதித்தால் இடைவெளி போதவில்லை. சுருள் கொதித்தால் வளையம் தவறு. இப்படிப் பார்த்தால் பட்டியல் நீண்டாலும் மூலம் சிலதே. யார் நடுவில் நிற்கிறார், யாருடைய வழி நீளமாக இருக்கிறது, யார் கிரவுண்டைப் பகிர்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் பிழை அகப்படும்.

முதலில் 12 வோல்ட் பற்றரியில் ஐசி போர்ட் ஒன்றைப் பூட்டிப் பழகுங்கள். தனித்தனிப் பாகங்களுக்குப் பிறகு போகலாம். சுற்று சரியாகப் பாடும் முதல் நாளிலேயே, வொலியூமை முழுதாகக் குறைத்து, பற்றரியில் இருந்து அது எடுக்கும் மில்லிஅம்பியரை அளந்து பெட்டியின் உள்மூடியில் எழுதி வையுங்கள். பிறகொரு நாள் அந்த எண் இரு மடங்காகியிருந்தால், எரிந்த மணம் வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிடலாம்.